மானம் எதைக் காவல் காக்கிறது?

"மானத்துக்குப் பயந்துதான் மனுஷன் ஒழுங்கா இருக்கான். அந்தப் பயம் போச்சுன்னா ஊரே நாறிடும்." அவலூர்பேட்டைச் சந்தையில், செஞ்சி பஸ் நிலையத்து டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தலில் யார் இதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள். சட்டம் தூரத்தில் நிற்கிறது, மனசாட்சி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை, இரண்டுக்கும் நடுவே மனிதனைப் பிடித்து நிறுத்துவது மானம்தான், அறத்துக்கு அதுவே வேலி என்கிறார்கள். பெண் விரும்பியவனோடு போன வீட்டில் கொலை விழுந்தால்கூட "கொலை தப்புதான், ஆனா..." என்று தொடங்குகிறார்கள். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதெல்லாம் மானத்தின் நியாயம். கொன்றவன் அளவு மீறிவிட்டான், அவனை உந்திய உணர்ச்சி மட்டும் நல்லது என்பதே அதன் சாரம்.

அந்த உணர்ச்சியைத்தான் நான் மறுக்கிறேன். அதன் மிகையை மட்டும் கண்டித்துவிட்டு வேரைக் கும்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. மானம் காப்பது, பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்திடம் நமக்குள்ள மதிப்பை. கூட்டம் நியாயத்தின் பக்கம் நிற்கும் நாளில் மானமும் அறமும் ஒன்றுபோலத் தெரியும். கூட்டம் மறுபக்கம் சாய்ந்த நாளில் மானம் அதனோடு போய்விடும். அன்றைக்கு அறத்துக்குக் காவல் யாரும் இருக்க மாட்டார்கள்.

தூரத்து உதாரணம் வேண்டாம். செஞ்சிப் பக்கத்தவர்களான நாமும் விருத்தாசலத்துக்காரர்களும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்த விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் பொறியியல் படித்த முருகேசன் என்ற தலித் இளைஞரும் வன்னியர் வீட்டுப் பெண்ணான கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, யார் நிலத்தையும் பிடுங்கவில்லை, யாரிடமும் கடன் வாங்கி ஏமாற்றவில்லை. ஜூலை 8ஆம் தேதி பெண் வீட்டார் இருவரையும் பிடித்து வந்து, காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். ஊரே அறிய நடந்தது இது. உள்ளூர் போலீஸ் வழக்கைத் திரித்தது. சிபிஐ விசாரித்து, 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் பதின்மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் சகோதரனுக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு ஆயுள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பொய்யான ஆதாரம் புனைந்த போலீஸ் அதிகாரிகள் இருவரின் குற்றமும் அங்கே உறுதியானது.

மானம் அறத்தின் வேலி என்பவர்கள் இந்த வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். வேலி அன்றைக்கு எங்கே இருந்தது? இரண்டு உயிர்களை எடுக்கும்போது, "நாளைக்கு ஊரில் எப்படி முகத்தில் விழிப்பது" என்ற கூச்சம் கொன்றவர்களைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஊரில் முகத்தில் விழிப்பதற்காகத்தான் கொன்றார்கள். கல்யாணம்தான் அழுக்கு, கொலை அதைக் கழுவும் தண்ணீர் என்று கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு ஒரு வீட்டின் பைத்தியக்காரத்தனம் இல்லை, ஊரே அதை ஏற்றிருந்தது. நீதிமன்றத்தில் சாட்சிகள் பலர் பிறழ்ந்ததும் அதனால்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்வது அறம். சொன்னால் சொந்த சனத்தைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் வரும், மானம் போகும். மானம் அவர்களை எதிலிருந்தாவது தடுத்தது என்றால், அது உண்மையைச் சொல்வதிலிருந்து.

இதைவிடவும் தெளிவான வழக்கு, தலித் இளைஞர் கோகுல்ராஜினுடையது. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தன்னோடு படித்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டவரின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டித்துக் கிடந்தது. முதல் குற்றவாளி யுவராஜுக்கு 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் சாகும்வரை சிறை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த ஆள் அந்தப் பெண்ணுக்கு அப்பனா, அண்ணனா? உறவே கிடையாது. ஒரு சாதி அமைப்பின் தலைவர், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு பெண் யாரோடு பேசுகிறாள் என்பதில் தன் சாதியின் மானம் இருப்பதாக எடுத்துக்கொண்டார். தலைமறைவாக இருந்தபோதும் ஒலிப்பதிவுகளை வெளியிட்டார், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். திருடன் மறைகிறான். கள்ளச் சாராயம் விற்பவன் மறைகிறான். மானத்துக்காகக் குற்றம் செய்கிறவனுக்குப் பார்வையாளர்கள் வேண்டும், ஏனென்றால் அவன் செய்ததே அவர்களுக்காக.

மானம் எதற்கெல்லாம் போகிறது, எதற்கெல்லாம் போகவில்லை என்று ஊரில் ஒருமுறை நிதானமாகக் கணக்கெடுத்துப் பாருங்கள். செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரைக்கும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, பிள்ளை குட்டிகளோடு வருடக்கணக்கில் கிடந்திருக்கின்றன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் அவர்களை மீட்க அதிகாரிகள்தான் வண்டி கொண்டுவர வேண்டியிருந்தது. "நம்ம ஊர் சூளையில் மனுஷனை அடிமையா வெச்சிருக்கான், ஊர் மானம் போச்சு" என்று எந்த ஊர்க் கூட்டமும் கூடியதில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது, மானம் போகவில்லை. சேலம், தருமபுரிப் பக்கம் பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்தார்கள். அதைத் தடுக்க 1992இல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. பெற்ற பெண்ணைக் கொன்ற குடும்பம் எதுவும் அதற்காகத் தலைகுனிந்ததாகத் தெரியவில்லை. அதே பெண் பிழைத்து வளர்ந்து, இருபது வயதில் ஒருவனைக் கைப்பிடித்தால் தலை குனிகிறது. பெண்டாட்டியை நடுத்தெருவில் போட்டு அடிப்பவன் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறான்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இதில் ஒரே சட்டம் கிடையாது. மேல்சாதி என்று சொல்லிக்கொள்ளும் வீட்டு ஆண் சேரியில் ஒரு பெண்ணோடு பழகினால் "ஆம்பள, அப்படித்தான்" என்று போய்விடும். அவன் தங்கை அதே தெருப் பையனைப் பதிவு அலுவலகத்தில் மணந்தால் ரத்தம் கேட்கும். ஒழுக்கம்தான் கவலை என்றால் நியாயப்படி முதலாவது அல்லவா குற்றம்? அதில்தானே ஏமாற்று இருக்கிறது? ஒழுக்கத்தைப் பற்றிய கவலையே இங்கே கிடையாது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் இதை அவிழ்த்துக் காட்டிவிட்டார். சாதி நிற்பது அகமணத்தில். அகமணம் நிற்கப் பெண்ணைக் கட்டிப்போட்டாக வேண்டும். உடன்கட்டை, கைம்பெண் கோலம், குழந்தை மணம் மூன்றும் அதற்கான கட்டுகள். அவற்றுக்குப் பூசிய புகழும் பெருமையும் பின்னால் வந்தவை என்றார். நம் மானமும் அப்படிப் பின்னால் பூசியதுதான். அதன் காவல் எல்லையும் சாதியின் எல்லையும் ஒன்றே. சூளையில் அடிமையாகக் கிடப்பவன் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால் அவன் துன்பம் யார் மானத்தையும் தொடுவதில்லை.

"இதெல்லாம் மேல்நாட்டுப் படிப்பு பேசுகிற பேச்சு, மண்ணின் மைந்தனுக்கு மானம்தான் உயிர்" என்பார்கள். சரி, மண்ணுக்கே வருகிறேன். செஞ்சிச் சீமை திரௌபதி அம்மனின் தாய்வீடு. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரியில் இருப்பதுதான் ஆதிக் கோயில் என்று நம்புகிறவர்கள் வடதமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வழிபாட்டைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் எழுதினார். 1988இல் வந்த முதல் தொகுதியின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. பங்குனி, சித்திரையில் காப்பு கட்டி, பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. நம் பாட்டன் பூட்டன் விடிய விடிய உட்கார்ந்து பார்த்த கூத்தில் உச்சம் துகிலுரிதல். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடும் முன்பு அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார், கற்பூரம் எரியும், பெண்கள் அழுவார்கள், சிலருக்குச் சாமி வந்துவிடும்.

அந்தச் சபையில் இருந்தவர்கள் யார்? மானமே உருவானவர்கள். வியாசரின் பாரதத்தில் தருமர் சூதாடப் போவதே, அழைத்தால் மறுப்பதில்லை என்ற விரதத்தால்தான். க்ஷத்திரியனுக்கு அது கௌரவம். அந்தக் கௌரவம் நாட்டை வைத்தது, தம்பிகளை வைத்தது, தன்னை வைத்தது, பெண்டாட்டியை வைத்தது. பீஷ்மர் வாக்கு தவறாதவர். துரோணர் உண்டவீட்டுக்கு இரண்டகம் செய்யாதவர். கர்ணன் நட்புக்கு உயிர் கொடுப்பவன். ஒருவர்கூட எழுந்து அவள் சேலையைப் பிடித்த கையைத் தட்டிவிடவில்லை. திரௌபதி கேட்டது ஒரே கேள்வி. தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பந்தயம் வைக்க என்ன உரிமை? தருமம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவினார். விதுரர் கண்டித்துப் பேசினார், விகர்ணன் எழுந்து இது அநியாயம் என்றான். விகர்ணன் கௌரவர்களில் ஒருவன், துரியோதனனின் தம்பி. குடும்ப மானத்தின் கணக்கில் அவன் துரோகி. சின்னப் பையன், வாயை மூடு என்று கர்ணன் அவனை அடக்கினான். அறம் அந்த மண்டபத்தில் எந்தெந்த வாயிலிருந்து வந்தது என்று கூத்துப் பார்த்த யாருக்கும் தெரியும். மானஸ்தர்கள் நிறைந்த சபையில்தான் அது நடந்தது. அவர்கள் மானஸ்தர்களாக இருந்ததால்தான் நடந்தது.

திரௌபதியின் சபதமும் மானம்தானே என்று கேட்கலாம். அவிழ்ந்த கூந்தலைத் துரியோதனன் ரத்தத்தில் முடிவேன் என்றாளே? அவள் கோபம், தனக்கு இழைத்த கொடுமையின் மேல், இழைத்தவர்களின் மேல். அநீதிக்கு ஆளானவளின் கோபத்தையும், அடுத்தவள் செய்த கல்யாணத்தால் என் மீசை மண்ணில் விழுந்தது என்பவனின் கோபத்தையும் ஒரே பெயரில் அடைப்பது பெரிய அநியாயம்.

அதே அம்மனின் கோயிலில், நம் விழுப்புரம் மாவட்டத்தில், நம் காலத்தில் என்ன நடந்தது? மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது தலித் இளைஞர்கள் போனதற்கு அடி விழுந்தது. பேச்சுவார்த்தை தோற்றது. ஜூன் 7ஆம் தேதி வருவாய்க் கோட்டாட்சியர் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார். பிறகு உயர் நீதிமன்ற உத்தரவால் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். கோயில் பூட்டியே கிடக்கட்டும், அவர்கள் மட்டும் உள்ளே வரக்கூடாது என்று உறுதியாக நின்றவர்கள் சொன்ன காரணம் ஊர் மரியாதை. சபையில் இழுத்து வந்து அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணைத் தெய்வமாக்கி, அவள் வாசலில் நின்றுகொண்டு இன்னொருவரை அவமானப்படுத்துவது அவர்களுக்கு உறுத்தவே இல்லை. மானம் உறுத்தாது. உறுத்துவது அறத்தின் வேலை.

இந்த ஊர்ப்பக்கம் மானம் என்றால் அடுத்து வருவது தேசிங்கு ராஜன். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராத்தியர் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்களிடம் நாம் பெருமையாகச் சொல்லும் கதை அவனுடையது. அப்பா சொரூப்சிங் இறந்த 1714இல் செஞ்சி அவன் கைக்கு வந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டார். கட்ட மாட்டேன், உன் அதிகாரத்தையும் ஏற்க மாட்டேன் என்றான். பெரும் படைக்கு எதிரே சில நூறு பேரோடு போய் அதே வருடம் அக்டோபரில் செத்தான். வயது இருபத்திரண்டு என்பார்கள். மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை அவள் பெயரில்தான் எழுந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி.

அவன் வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சாவுக்கு அஞ்சாத இளைஞன். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து அவனோடு செத்ததாகக் கதை சொல்லும் நண்பன் மகமத்கானை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் வீரம் ஒன்று, அறம் வேறொன்று. அந்தச் சண்டையில் யாருடைய துயர் தீர்ந்தது? எந்தக் குடியானவனின் வரி குறைந்தது? பின்னால் வந்த சில நூறு பேரின் பெண்டு பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவனுடைய மானத்துக்கு விலை கொடுத்தவர்களில் அவன் ஒருவன்தான் அதைத் தானே தேர்ந்தவன். தீயில் இறங்கிய அந்தச் சிறு பெண்ணைத் தியாகி என்று பாடி வைத்திருக்கிறோம். அவள் வாழ விரும்பினாளா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. அம்பேத்கர் சொன்ன பூச்சு இங்கேயும் பளபளக்கிறது.

சங்க காலத்தைக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் விட்டான். சிறையில் தண்ணீர் கேட்டுக் காவலர் காலம் தாழ்த்திக் கொடுத்ததால் அதைக் குடிக்காமல் செத்தான் கணைக்கால் இரும்பொறை. இவர்கள் மானத்துக்குக் கொடுத்தது தங்கள் உயிரை. மகள் உயிரையோ, மகளின் கணவன் உயிரையோ எடுக்கவில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் விழுந்து செத்தது, தான் தவறு செய்துவிட்டோம் என்று தெரிந்த நொடியில். தன் செயலுக்குத் தான் கூசுகிற அந்தக் கூச்சம் அறத்துக்கு நெருங்கிய உறவு, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு மானம் பேசுகிறவர்களிடம் அது மருந்துக்கும் இல்லை. அடுத்தவர் உடம்பில் தன் மானத்தைக் குடிவைத்துவிட்டு, அந்த உடம்பு அசைந்தால் வெட்டுகிறவனுக்குப் புறநானூற்றில் இடம் கிடையாது.

வள்ளுவர் மானத்துக்கு ஓர் அதிகாரமே எழுதினார், தொண்ணூற்றேழாவது. உயிரைவிட மானம் பெரிது என்றும் சொன்னார், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலில். கொல்லாமை இருப்பது அறத்துப்பாலில். அறம் என்றால் என்ன என்று அவர் சொல்லும் இடத்தில் மனத்தின் தூய்மையைத்தான் வைக்கிறார், வெளிச்சத்தமெல்லாம் சேராது என்று ஒதுக்குகிறார். நாணுடைமையில் பிறர் பழிக்கும் நாணுவார் என்று சொல்லும் இடமும் உண்டு. அந்த நாணம் தலையைக் குனிய வைக்கும், அரிவாளைத் தேட வைக்காது.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. சட்டமும் போலீசும் எட்டாத இடத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்பி வாழ மானம்தான் உதவியது என்பது அது. நிஸ்பெட், கோஹன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996இல் அமெரிக்கத் தென்மாநிலங்களை வைத்து இப்படித்தான் விளக்கினார்கள். ஆடு மாடு மேய்த்தவர்களின் வழிவந்த மக்கள் அவர்கள். மந்தையை ஒரே இரவில் ஓட்டிப் போய்விடலாம், ஷெரீப் பல நாள் தூரத்தில் இருப்பார். சீண்டினால் விடமாட்டான் என்ற பெயர்தான் காவல். அந்தப் பழக்கம் மந்தை போன பிறகும் போகவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடைபாதையில் ஓர் ஆள் வேண்டுமென்றே இடித்துத் திட்டிவிட்டுப் போகும்படி செய்து சோதித்தார்கள். தெற்கத்தி மாணவர்களுக்கு உமிழ்நீரில் மன அழுத்தச் சுரப்பு ஏறியது, வடக்கத்தியவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

விளக்கம் சரியாகவே இருக்கட்டும். அதிலிருந்து கிடைப்பது, மானம் எப்படிப் பிறந்தது என்ற வரலாறு மட்டும். அது நல்லது என்ற முடிவு கிடைக்கவில்லை. மேய்ப்பன் காத்தது, தனக்குச் சமமான பலமுள்ள திருடனிடமிருந்து தன் மந்தையை. நம் ஊரில் மானம் பாய்வது வீட்டுக்குள்ளேயே பலம் குறைந்தவள் மேல், தெருவிலேயே பலம் குறைந்தவன் மேல். சட்டம் எட்டாத இடம் என்ற சாக்கும் செல்லாது. புதுக்கூரைப்பேட்டைக்குப் போலீஸ் எட்டத்தான் செய்தது. வந்து மானத்தின் பக்கம் நின்றது.

சொன்ன சொல் தவறாமை? அது மானத்தால்தானே? மல்லாட்டை விற்க மார்க்கெட் கமிட்டிக்குப் போகிறவனும் வியாபாரியும் வாய்ச்சொல்லை நம்பித்தான் பல காலம் பிழைத்தார்கள், உண்மை. ஆனால் வாக்கு தவறினால் தவறியவனுக்குத்தான் கெட்ட பெயர். அவன் தங்கையை யாரும் வெட்டுவதில்லை. நாணயம் அவரவர் செயலுக்கு அவரவர் பொறுப்பேற்பது, அதற்கு மானத்தின் தயவு தேவையில்லை. மானத்தை மட்டும் நம்பினால் நாணயம்கூட அரைகுறையாகத்தான் வரும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கனவான்கள் சீட்டாட்டக் கடனை மறுநாளே அடைத்தார்கள், ஏனென்றால் கடன்காரன் இன்னொரு கனவான். தையல்காரனுக்கும் செருப்புத் தைத்தவனுக்கும் வருடக்கணக்கில் பாக்கி வைத்தார்கள். கல்யாண மொய்யைக் கணக்குப் பார்த்துத் திருப்பிச் செய்யும் நம் ஊர்ப் பெரிய மனிதர் நாற்று நட்ட பெண்களின் கூலியை வாரக்கணக்கில் இழுத்தடிப்பதும் அதே காரணத்தால்தான். அந்தப் பெண்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அவர் மானக் கணக்கில் வருவதில்லை.

இன்னொரு தரப்பு உண்டு, நான் மதிக்கும் தரப்பு. தத்துவவாதி அப்பையா 2010இல் எழுதிய புத்தகத்தில், மானத்தைக் கொண்டே மானக் கொடுமைகளை ஒழிக்கலாம் என்றார். சீனாவில் பெண்களின் பாதத்தைக் கட்டி ஒடுக்குவது தவறு என்ற வாதம் வெகுகாலமாக இருந்தது, உலகத்தின் முன் நாடு தலைகுனிகிறதே என்று படித்தவர்கள் கூசத் தொடங்கிய பிறகுதான் அது ஒழிந்தது என்பது அவர் காட்டும் சான்று. கொலை செய்கிறவனுக்குத்தான் மானக்கேடு என்று ஊரை மாற்றிவிட்டால் போதுமே என்று நம்மவர்களும் கேட்கிறார்கள். மாறினால் நல்லதுதான். ஆனால் அங்கேயும் எது தவறு என்று சொன்னது அறம். மானம் பின்னால் வந்து அதற்குக் கூட்டம் சேர்த்தது. கூட்டம் கலைந்தால் அந்தத் துணையும் போய்விடும்.

தமிழ்நாட்டில் இதைவிட உறுதியான வழி ஒன்று ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. அங்கே பேசிய மரியாதை ஒவ்வொரு ஆளுக்கும் பிறப்பிலேயே உள்ளது. அடுத்தவன் தாழ்ந்தால்தான் நான் உயர்வேன் என்ற கணக்கு அதில் கிடையாது. தங்கை யாரை மணந்தாலும் அண்ணனின் சுயமரியாதைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அது அவளிடம் அடகில் இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்து 1967இல் நிறைவேற்றிய சட்டத் திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. அந்தச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்த நாட்டில்தான் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் என்ற மென்பொருள் பொறியாளர் மானத்தின் பெயரால் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

கடைசியாக, "பெத்தவன் நிலைமையில இருந்து பார்" என்பார்கள். பார்க்கிறேன். 2012 நவம்பரில் தருமபுரியில் மகள் தலித் இளைஞரை மணந்ததைத் தாங்க முடியாமல் ஒரு தகப்பன் தூக்கில் தொங்கினார். அதே நாளில் நத்தம் காலனியும் பக்கத்துச் சேரிகளும் கொளுத்தப்பட்டன, இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. அடுத்த ஜூலையில் அந்த இளைஞர் இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். அந்தத் தகப்பனைக் கொன்றது மகளின் கல்யாணமா? ஊரின் ஏச்சும் பேச்சும், போகும்போதும் வரும்போதும் விழுந்த குத்தலும்தான். அந்தப் பேச்சு இல்லாத ஊராக இருந்திருந்தால் அவர் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருப்பார், பேரப்பிள்ளை பிறந்ததும் போய்ப் பார்த்திருப்பார். எத்தனையோ வீடுகளில் அப்படித்தானே நடக்கிறது. பெற்றவனுக்காக அழுகிறவர்கள் அந்தக் கூட்டத்தை ஏன் கேள்வி கேட்பதில்லை?

கூட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். சட்ட ஆணையம் 2012இல் தன் 242ஆவது அறிக்கையில் இதைச் சரியாகவே புரிந்துகொண்டது. ஒரு திருமணத்தைக் கண்டிப்பதற்காகக் கூடுவதையே குற்றமாக்கும் வரைவைத் தந்தது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட கூட்டங்களை முன்கூட்டியே தடுக்கவும், தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் அமைக்கவும், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வைக்கவும் உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில், இதற்கெனத் தனிச் சட்டம் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. வரப்போகும் சட்டம் அரிவாள் பிடித்த கையோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். கொலைக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மகள் கல்யாணத்தை ஏற்றுக்கொண்ட ஒரு தகப்பனிடம் "உன் வரி எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி, திருவிழாத் தலைக்கட்டு வரியிலிருந்து பெயரை அடித்து, நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று தண்டோரா போட வைக்கும் ஊர்க் கூட்டம் இருக்கிறதே, அது அவலூர்பேட்டையில் கூடினாலும் மேல்மலையனூரில் கூடினாலும், கூட்டியவர், பேசியவர், கையெழுத்துப் போட்டவர் என்று பெயர் பெயராக அவர்கள் மேல் முதல் தகவல் அறிக்கை பதிய அந்தச் சட்டத்தில் பிரிவு இருக்க வேண்டும். ஜாமீனில் வருகிறவனுக்கு மாலை போடுகிறவர்களும், அவன் வழக்குச் செலவுக்கு சாதி சனத்திடம் வசூல் செய்கிறவர்களும் அதே பிரிவில் வர வேண்டும்.